வாச்சர் கடித்த கொய்யா

தொண்ணூறுகளில் இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் படிப்பித்தபோது, தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்க்கும் வாச்சர் ஒருவர் எனக்குப் பழக்கமானார். முழங்கால் வரை தொங்கும் காக்கிக் கோட்டு போட்டிருப்பார். அதன் பை எந்நேரமும் புடைத்திருக்கும். என் கிளி தேத்தண்ணீரில் நனைத்த பிஸ்கட்டைத் தவிர எதையும் தொடாது. அவரிடம் யோசனை கேட்டேன்.

"பிஸ்கட்ட நிப்பாட்டுங்க சேர். பழத்த அது கண்ணு முன்னால நாம திங்கணும். ஆசையில தானா கேக்கும்."

அன்றிலிருந்து தினமும் மாலை வேலைக்குப் போகும் வழியில் என் வீட்டு வாசலில் தொங்கும் கூண்டருகே நின்று, கண்ணை மூடிச் சப்புக்கொட்டி ஒரு கொய்யாவைத் தின்றுகாட்டுவார். கிளி முதுகைத் திருப்பிக்கொள்ளும். மூன்று வாரம் நானும் வீட்டில் பிஸ்கட் வாங்கவில்லை. கிளி மெலியவே இல்லை என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு மாலை அவர் கொய்யாவைக் கடித்தபோது, கிளி அவருடைய கரகரத்த குரலிலேயே பேசியது.

"பிஸ்கட் தின்னுடா ராசா. சேர்கிட்ட சொல்லிறாத."

அவர் கை தானாகக் கோட்டுப் பையை மூடியது.

"நீங்கதானே நிப்பாட்டச் சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்க, சொன்னேன். காலையில வேல முடிஞ்சு இந்தப் பக்கமா வர்றப்ப, நீங்க பள்ளிக்கூடம் போயிருப்பீங்க, அது பசியோட பாக்குது, தாங்க முடியலைங்க சேர்."

கடித்த கொய்யாவோடு போனவர் பிறகு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மூன்று வாரம் அந்தக் கிளிக்கு நான் கொடியவன், அவர் புண்ணியவான்!

போகப்போகக் கிளி கொய்யா தின்னப் பழகியது. என் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டு, அவர் குரலில் என்னிடமே சொல்லும்:

"சேர்கிட்ட சொல்லிறாத."