மூன்றரை வரப்பு

மறுநாள் காலை ஆரோக்கியசெல்வி சென்னையில் கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும். கணித ஆராய்ச்சிக்கு இடம் கேட்டுப் போன முதல் நேர்காணலில் ஒரே ஒரு கேள்வியில் சறுக்கிவிட்டாள். இன்னொரு முறை வரச் சொல்லியிருந்தார்கள். இதுவும் போனால் மரக்காணத்தில் டியூஷன்தான்.

அவள் கணக்கு வளைவுகளைப் பற்றியது. வடை மாதிரி நடுவில் ஓர் ஓட்டை, மேலே ஒரு புள்ளி. அப்படிப்பட்ட எல்லா வளைவுகளையும் சேர்த்து ஒரு வெளியாக நினைக்க வேண்டும். அதில் ஒவ்வொரு இடமும் ஒரு வளைவு. அந்த வெளியில் குறிப்பிட்ட ஒரு வகை வெட்டுப்புள்ளிகளை எண்ணினால் இருபத்து நான்கில் ஒரு பங்கு வருகிறது. விடை சரிதான். "எண்ணினா எப்படிம்மா பின்னம் வரும்?" என்றுதான் கேட்டார்கள்.

வீட்டில் இருப்புக்கொள்ளாமல் உப்பளத்துக்கு நடந்தாள். 2005 மழை வரப்புகளை அரைகுறையாகக் கரைத்துவிட்டிருந்தது. அம்மா அந்தோணியம்மாளும் பக்கத்துப் பாத்தி தட்சணாமூர்த்தியும் மண்வெட்டியும் கையுமாக வாய்ச்சண்டையில் இருந்தார்கள்.

"யக்கா, உன் பாத்திக்கு நாலு பக்கம். நாலு வரப்பும் நீதான் போடணும்."

"நடு வரப்புல நீ நடக்க மாட்டியா? பறந்து போவியா?"

"செல்வி, நீயே சொல்லு. உங்கம்மாவுக்கு எத்தினி?"

"மூணரை," என்றாள் எங்கோ பார்த்தபடி. "உங்களுக்கும் மூணரை."

சொல்லிவிட்டு நடந்தவள் அப்படியே நின்றாள். நடு வரப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணிக்கையில் வருகிறது, அதனால் ஒவ்வொரு தடவையும் பாதி. அவளுடைய வளைவையும் திருப்பிப் போட்டால் அதே வளைவு. அதுவும் இரண்டு தடவை வருகிறது. அப்படியானால் அதுவும் பாதிதானே. சிறுவயதிலிருந்து அவள் வாயில் புழங்கிய பின்னம்.

மனம் அதோடு அடங்கவில்லை. அளத்தின் நடுவே நான்கு பாத்திகள் சேரும் மூலையில் பாத்தி ஒவ்வொன்றுக்கும் கால். நான்கு விதமாகத் திருப்பினாலும் மாறாத வளைவுக்கும் கால். ஆறு விதமாகத் திருப்பினால்? பொழுது சாயும்வரை வரப்பு வரப்பாக அலைந்தாள்.

மறுநாள் பலகையில் இரண்டு பாத்திகளையும், பிறகு நான்கையும் வரைந்து விளக்கினாள். முன்பு கேட்டவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாதி சரி, காலும் சரி. ஆறு விதமா திருப்பினாலும் மாறாத ஒண்ணு இருக்கேம்மா?"

"ஆறுல ஒரு பங்கு சார். ஆனா எங்க அளத்துல அப்படி ஒரு மூலை இல்ல. நேத்து முழுக்கத் தேடிட்டேன்."

சிரித்தபடி, ஜூலையில் வந்து சேரச் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு ஓட்டை உள்ள வளைவுகளை ஆரம்பித்துவிட்டாள்.

"யம்மா, மரக்காணம் டிக்கெட்டு நீதானே? தாண்டி வந்துட்டமே," என்றார் கண்டக்டர்.

இறங்கி, வந்த வழியே வேகமாக நடந்தாள்.