ரூபி மேடம் சொல்லாத பெயர்

ரூபி மேடம் காலமான செய்தி எனக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தது. மாதனூர் தாண்டியதும் முன் சீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகப் போனைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். விடியற்காலையில் நெஞ்சுவலி, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை என்று கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே, இன்று ஷிப்மெண்ட் இருப்பதால் யாருக்கும் லீவு கிடையாது என்று இன்னொரு செய்தி. இரண்டையும் அனுப்பியவர் ஒரே ஆள், எங்கள் ஃபேக்டரி மேனேஜர். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

மேடத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் அவர் குவாலிட்டி அனலிஸ்ட். வேலூரில் கெமிஸ்ட்ரி படித்து, பிறகு காலணித் தொழில்நுட்பமும் படித்துவிட்டு வந்தவர். நான் பேக்கிங் செக்‌ஷன் பொறுப்பாளன். என்னை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் அப்படித்தான். லைனில் தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வருகிற ஷூவை அவர் பார்த்துச் சரி என்றால்தான் நான் பெட்டியில் போட முடியும். எனக்கோ பெட்டி நிறைய வேண்டும், லாரி கிளம்ப வேண்டும். ஆகவே அவர் வேலைக்கு வந்த வாரமே எங்களுக்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

முதல் சண்டை கறுப்பு நிறத்துக்காக. நான் மூடி வைத்த பெட்டியைத் திறந்து, ஒரு ஜோடியின் இடது ஷூவில், தப்பு இருக்கும் இடத்தைக் காட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினார். கலர் வேறாக இருக்கிறதாம். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"பாய், டியூப்லைட்ல எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்புதான். ஜன்னல்கிட்ட வாங்க" என்றார்.

போனேன். ஒன்றில் லேசாகப் பழுப்பு ஓடியிருந்தது. விட்டுக்கொடுக்க மனம் வராமல், "வாங்குறவன் போட்டுக்கினு நடக்கப் போறானா, ஜன்னல்ல வெச்சிப் பாக்கப் போறானா மேடம்?" என்று கேட்டேன்.

"வெயில்லதானே பாய் நடப்பான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தார்.

குவாலிட்டி வேலை என்றால் ஏசி ரூமில் உட்கார்ந்து டிக் போடுவது என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். மேடம் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார். ஷூவுக்குள் வெறுங்கையை விட்டு, ஆணி முனை, பசைக் கட்டி, மடிந்த லைனிங் துணி எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார். பசை நெடியில் சாயங்காலம் தலைவலி வந்துவிடும். தப்பைச் சொன்னால் தைத்த பெண் முறைப்பார், ஏனென்றால் அதைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும், டார்கெட் போய்விடும். சூப்பர்வைசர் கத்துவார். சொல்லாமல் விட்டால் வெளிநாட்டிலிருந்து மெயில் வரும், அப்போது மேனேஜர் கத்துவார். இதில் யாருக்குத்தான் நல்லவராக இருக்க முடியும்?

"தப்பு வரலன்னா குவாலிட்டிக்கு எதுக்கு ஆளுன்னு கேப்பாங்க. வந்துட்டா குவாலிட்டி இன்னா பண்ணிக்கினு இருந்துச்சுன்னு கேப்பாங்க. நடுவுல ஒரு நாளும் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க பாய்." கேன்டீனில் டீ குடிக்கும்போது இப்படிச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

இனி ஊசி விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

தையல் லைனில் ஊசி ஒடிந்தால் ஒரு வழக்கம் உண்டு. ஒடிந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, டேப் போட்டுக் காகிதத்தில் ஒட்டி, முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். துண்டு கிடைக்கும்வரை லைன் நிற்கும். நின்றால் எல்லோர் டார்கெட்டும் போகும், எல்லோரும் ஊசியை ஒடித்த பெண்ணைத்தான் திட்டுவார்கள். போன வருஷம் ஒரு வாரம் குழந்தைகள் ஷூ ஓடிக்கொண்டிருந்தது. அவசர ஆர்டர், புதுப் பெண்கள், பல பேருக்கு ஊசி ஒடிந்தது. அவர்களில் ஒரு பெண் முனை கிடைக்காமல் பயந்துபோய், கீழே கிடந்த வேறு ஏதோ பழைய ஊசியின் முனையை எடுத்து ஒட்டிக் கொடுத்துவிட்டார். காகிதத்தில் ஊசி முழுசாக இருந்தது. உண்மையான முனை எந்த ஷூவில் என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை அந்தப் பெண்ணே மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறார். யார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. பெட்டிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தபோது மேடம் வந்து, "இறக்குங்க பாய்" என்றார். மெட்டல் டிடெக்டர் காட்டியிருக்காதா என்று கேட்டேன். அந்த ஷூவில் இரும்பு பக்கிள் இருப்பதால் மெஷின் சும்மா சும்மா கத்துகிறது என்று மேனேஜர் அதன் பவரைக் குறைத்து வைக்கச் சொன்னது எனக்கும் தெரியும், கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

மேனேஜர் ஓடி வந்தார்.

"எவ சொன்னா? பேரச் சொல்லு."

"பேர் எதுக்கு சார்? மொதல்ல ஊசியத் தேடுவோம்."

"ஒரு ஊசிக்காகக் கப்பலத் தவற விடச் சொல்றியா?"

"கொழந்த கால் சார்" என்றார் மேடம். அவர் கையெழுத்துப் போடாமல் லாரி கிளம்ப முடியாது. அவர் போடவில்லை.

பெட்டிகளை எல்லாம் பிரித்தோம். ஒவ்வொரு ஷூவாக வளைத்து, அழுத்திப் பார்த்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் விரலில்தான் குத்தியது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு ஷூ, கால்விரல் வருகிற இடத்தில், பஞ்சு லைனிங்குக்கு அடியில் அந்த முனை இருந்தது. நடக்கப் பழகுகிற பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியாது.

இதற்கு மேடத்துக்குக் கிடைத்தது என்ன? பாராட்டா? மேனேஜர் அந்த வாரம் முழுக்கப் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பெயரைச் சொன்னால் மேடத்தை விட்டுவிடுவதாகவும் சொல்லிப் பார்த்தார். "சொன்னா அந்தப் பொண்ணு வேல போய்டும். அப்புறம் இங்க ஊசி ஒடிஞ்சா ஒருத்தியும் வந்து சொல்ல மாட்டா சார்" என்று என் எதிரிலேயே பதில் கொடுத்தார். அடுத்த மாதமே அவரை வாணியம்பாடி தோல் குடோனுக்கு மாற்றினார்கள். அதற்குப் பதவி உயர்வு என்று பெயர் வேறு. அங்கே அவர் பார்த்துச் சரி சொல்ல ஒரு ஷூவும் கிடையாது. வந்து இறங்கும் தோலைப் பிரித்து அடுக்குகிற இடத்தில், ஃபேனுக்கு அடியில் ஒரு நாற்காலி. இவ்வளவு படித்த, இவ்வளவு வேலை தெரிந்த ஒருவரைச் சும்மா உட்கார வைத்தே சாகடித்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தது நெஞ்சுவலி என்றுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் இப்படித்தான் எழுதுவேன்.

அடக்கம் அன்று மாலையே ஆம்பூரில். லீவு இல்லை என்றால் என்ன, தையல் லைனிலிருந்து பெண்கள் பாதி நாளில் எழுந்து யூனிஃபார்ம் கோட்டோடு வந்துவிட்டார்கள். நானும் வந்துவிட்டேன். சர்ச்சில் மேனேஜரைப் பேச அழைத்தார்கள். பெரிய மாலையோடு வந்திருந்தார். "ரூபி எல்லார்கிட்டயும் அனுசரிச்சுப் போவாங்க. யாருக்கும் ஒரு பிரச்சனை கொடுத்ததில்ல" என்றார்.

அந்த மனிதர் அதைப் பாராட்டாகவே சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் எழுவதற்குள் பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தார். மாதனூர் சுமதி, தையல் லைன்.

"அப்டி சொல்லாதீங்க சார். மேடம் உங்ககிட்ட அனுசரிச்சுப் போகல. அதுக்குத்தான அவங்கள குடோன்ல போட்டீங்க? நீங்க கேட்டுக்கினே இருந்தீங்களே, அந்தப் பேரு என் பேருதான். ஊசிய ஒடிச்சதும் நான்தான், வேற மொனய ஒட்டிக் குடுத்ததும் நான்தான். மேடம் கடைசி வரைக்கும் சொல்லல. இப்ப நானே சொல்றேன்."

மேனேஜர் போதகரைப் பார்த்தார். போதகர், "உட்காரும்மா" என்று சுமதியிடம் சொல்லவில்லை. மேனேஜர்தான் போய் உட்கார்ந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் சுமதி மண் போடக் குழி ஓரத்துக்குப் போனார். பின்னால் நின்ற பெண் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், அவருக்குப் பின்னால் நின்றவர் இன்னொரு கையை. மேனேஜரின் கார் அப்போது ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது.

நாளைக் காலை ஆபீசுக்கு வரும்படி சுமதிக்கு ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவரை நாங்கள் தனியாக அனுப்புவதாக இல்லை. லைனில் பாதிப் பேர் கூடப் போகிறார்கள், நானும் போகிறேன். வேலையை விட்டு அனுப்புவதானால், எதற்காக என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

நிம்மதியாக உறங்குங்கள் என்று குரூப்பில் எல்லோரும் பூப் படம் போடுகிறார்கள். எனக்கு அப்படிப் போட மனம் வரவில்லை மேடம். நாளைக்கு அந்த அறையில் நீங்கள் இருந்திருக்க வேண்டும். பரவாயில்லை, போய் வாருங்கள். அந்த ஆளிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.