லட்டுவுக்கு நான் போடாத பொடி

இரண்டு வருடங்களுக்கு முன், கோடை தொடங்கிய சமயம். அரிமளத்தில் எங்கள் வீட்டில் வளைகாப்பு முடிந்து, என் மருமகள் பிரசவத்துக்காகக் கரூரில் இருக்கும் தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் மிஞ்சியது நானும், அவள் வளர்த்த இரண்டு சுகர் கிளைடர்களும்தான்.

சுகர் கிளைடர் என்றால் பலருக்குத் தெரியாது. அவள் வரும்வரை எனக்கும் தெரியாது. அணிலைவிடக் கொஞ்சம் சின்னது. சாம்பல் நிறம், முதுகில் ஒரு கறுப்புக் கோடு, முகத்தில் பாதிக்குக் கண்தான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே தோல் விரியும்; அலமாரி மேலிருந்து தாவினால் மிதந்து வந்து நம் தோளில் உட்காரும். பகலெல்லாம் துணிப்பைக்குள் தூங்கிவிட்டுப் பொழுது சாயும்போது எழும். மருமகள் சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கியவை. கல்யாணமாகி வரும்போது கூடவே கொண்டுவந்தாள். ஆணுக்கு லட்டு, பெண்ணுக்குப் பூந்தி என்று பெயர். ஆரம்பத்தில் நான் முகம் சுளித்தேன். கொஞ்ச நாளில் லட்டு என் முந்தானைக்குள் புகுந்து தூங்கப் பழகிவிட்டான். அதன்பிறகு யாராவது எலி என்று சொன்னால் நான்தான் சண்டைக்குப் போவேன்.

கிளம்புவதற்கு முன் மருமகள் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டினாள். அவித்த முட்டை கொஞ்சம், அவள் வரவழைத்து வைத்திருந்த காய்ந்த புழு நாலைந்து, வேகவைத்த காய், எல்லாவற்றின் மேலும் ஒரு சிட்டிகை கால்சியம் பொடி. பழம் கடைசியில், ஒரே ஒரு துண்டு.

"வெறும் பழமா குடுத்துராதீங்க அத்தை. பொடி ஒருநாளும் விடக்கூடாது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் வாரம் தாளில் இருந்தபடியே செய்தேன். ஆனால் பொடி வாசம் பட்டாலே இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. வைத்த முட்டை காலையில் அப்படியே காய்ந்து கிடக்கும். அவள் என்றால் மடியில் வைத்து, ஊட்டி முடிக்கும்வரை பழத்தைக் கண்ணிலேயே காட்டமாட்டாள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பட்டினி கிடந்து ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. வடகாட்டுப் பக்கமிருந்து பலாப்பழம் வந்துகொண்டிருந்த நேரம். ஒரு சுளையை நறுக்கி வைத்தேன். அடுத்த நிமிடம் கிண்ணம் காலி. மறுநாள் மாம்பழம் வைத்தேன். அப்புறம் வாழைப்பழத்தில் தேன் விட்டுக் கொடுத்தேன். என் கையைக் கண்டாலே இரண்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தன. உண்மையைச் சொன்னால், அவளிடம் காட்டாத ஆசையை என்னிடம் காட்டுவதாக எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. முட்டை நின்றது, புழு நின்றது, பொடி டப்பாவை நான் திறக்கவே இல்லை.

இதில் இன்னொரு வெட்கமும் இருக்கிறது. நான் முப்பது வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிள்ளை சத்துமாவு தின்ன மாட்டேன் என்கிறது, பிஸ்கட்தான் கேட்கிறது என்று சொன்ன எத்தனையோ தாய்மார்களை உட்கார வைத்துக் கண்டித்திருக்கிறேன்.

மருமகள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். நலம் விசாரித்துவிட்டு, பொடி போட்டீர்களா என்று கேட்பாள். போட்டேன் என்பேன். முதல் தடவை சொன்னபோது உறுத்தியது. வயிற்றுப் பிள்ளைக்காரியை ஏன் கவலைப்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாளாக நாளாக அந்தப் பொய் தானாக வாயில் வந்தது.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் கூண்டைத் திறந்தேன். லட்டு தாவவில்லை. பின்னங்கால்கள் இரண்டும் துணி போல் இழுபட, முன்னங்கால்களை ஊன்றி என் கையை நோக்கி ஊர்ந்து வந்தான்.

மறுநாள் காலையிலேயே துணிப்பையோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். மாடும் ஆடும் கோழியும் வரும் கால்நடை ஆஸ்பத்திரி அது. மருத்துவர் ஒரு சின்ன வயதுப் பெண். இந்த உயிரைத் தான் பார்ப்பது முதல் தடவை என்று மறைக்காமல் சொல்லிவிட்டு, தெரிந்த வேறொரு மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டே பார்த்தார். என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். சுற்றிலும் ஆட்கள். எனக்குத் தெரிந்த அங்கன்வாடிப் பெண் ஒருத்தியும் ஆட்டுக்குட்டியோடு நின்றிருந்தாள். கூண்டில் ஒட்டியிருந்த தாளை அப்படியே ஒப்பித்தேன். முட்டை, புழு, காய், பொடி.

"பொடி தினமும் போடுறீங்களா?"

"தினமும் போடுறேங்க."

அப்படியென்றால் எங்கோ விழுந்து அடிபட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, வலிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். சின்னப் பெட்டியில் அசையாமல் வைத்திருக்கச் சொன்னார்.

நாலு நாள் அப்படியே வைத்திருந்தேன். லட்டு இன்னும் சோர்ந்துபோனான். ஐந்தாவது நாள் பூந்தியும் கம்பியில் ஏற முடியாமல் வழுக்கி விழுந்தது. இரண்டும் ஒரே மாதிரி அடிபட்டிருக்க முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஓடினேன். வரிசையில் நிற்காமல் நேராக மருத்துவரிடம் போய், நான் சொன்னதெல்லாம் பொய், இரண்டு மாதமாகப் பழம் மட்டும்தான் கொடுத்தேன் என்றேன். கால்சியம் குறைந்துதான் இரண்டுக்கும் கால் விழுந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மளமளவென்று இரண்டுக்கும் கால்சியம் ஊசி போட்டார். பிறகுதான் சொன்னார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே போட்டிருப்பேம்மா."

மறுநாள் மத்தியானம் லட்டு என் உள்ளங்கையில் கிடந்தபடியே இறந்துபோனான். பூந்தி பிழைத்துக்கொண்டது. ஆனால் பல நாள் சாயங்காலம் ஆனதும் நாய்க்குட்டி குரைப்பது போல விட்டு விட்டுக் கத்தும். அது ஜோடியைக் கூப்பிடும் சத்தம். நான் கூண்டருகே போய் உட்காருவேன். அது என்னைக் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிரசவம் முடியும்வரை மருமகளிடம் சொல்ல வேண்டாம், வயசாகிச் செத்துவிட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றான் மகன் போனில். இன்னொரு பொய்யை என்னால் சுமக்க முடியவில்லை. லட்டு இறந்த அன்று சாயங்காலமே, அவள் போன் செய்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நான் தினமும் கேட்டேனே அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

பேரன் பிறந்து இப்போது ஓடியாடுகிறான். மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்வது நான்தான். அவள் லட்டுவைப் பற்றி ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. பூந்திக்குச் சாப்பாடு மட்டும் அவளே வைத்துவிடுகிறாள். அதற்குத் துணையாக இன்னொரு சுகர் கிளைடரும் வாங்கி வந்துவிட்டாள். போன மாதம் பேரனுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்தீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். கொடுத்தேன் என்றேன், கொடுத்தும் இருந்தேன். நான் அடுப்படிப் பக்கம் போனதும் அவள் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாள். நான் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. தாயாக அவள் செய்வது சரிதான். அந்த இரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு சாயங்காலம் "இல்லம்மா, இன்னைக்குப் போடல" என்று சொல்லியிருந்தால் லட்டுவும் பிழைத்திருப்பான், நான் சொல்வதை அவள் அப்படியே நம்பிய காலமும் எனக்கு நீடித்திருக்கும் என்ற நினைப்புதான் இன்றுவரை என்னை விடவில்லை.