எழுபது-முந்நூறு லென்ஸும் என் அக்காவும்

நேற்று மதியம் ஆபீஸ் கேன்டீனில், புதிதாகச் சேர்ந்திருக்கும் திருச்சிப் பெண் ஒருத்தி தன் போனை என் தட்டுக்கு மேலேயே நீட்டினாள். "மேம், கூர்க் போறோம். இதான் என் முதல் கேமரா. கூட வர்ற சின்ன லென்ஸ் போதுமா, இல்ல இந்தப் பெருசை வாங்கிடட்டுமா? டிராவலுக்கு இதான் பெஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க."

பார்த்தேன். எழுபது-முந்நூறு, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற நீள லென்ஸ். எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "எல்லாரும்னா யாரு? அவங்களா உன்கூட கூர்க் வர்றாங்க?" என்று கத்திவிட்டேன். பாவம், தயிர்சாதத்தைப் பாதியில் மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எழுந்து போக மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

பதினைந்து பதினாறு வருஷம் இருக்கும். பெங்களூரில், தொம்மலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் போனில் வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் வேலை. லிங்கராஜபுரத்தில் மாடியில் ஒற்றை அறை. போனஸ் வந்த கையோடு கேமரா வாங்கினேன். அந்தப் பெட்டியைத் திறந்ததும் வந்த வாசனை இருக்கிறதே, புது ரப்பரும் ரெக்ஸினும் கலந்த மாதிரி, அதை ஒரு வாரம் மோந்து மோந்து பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூசணம் பிடிக்கும், அரிசி டப்பாவில் போட்டு வை என்று யாரோ சொன்னார்கள். செய்தேன். அந்த மாதம் முழுக்கச் சோற்றில் ரெக்ஸின் வாசனை. அதையும் பெருமையாகத்தான் சாப்பிட்டேன். அவ்வளவு கிறுக்கு.

அந்தக் கேமராவோடு கூடவே வந்தது ஒரு சின்ன லென்ஸ். பதினெட்டு-ஐம்பத்தைந்து. கிட் லென்ஸ் என்பார்கள். பக்கத்தில் நிற்கிற ஆளையும் அவருக்குப் பின்னால் இருக்கிற மலையையும் ஒன்றாக அள்ளிக்கொள்ளும். தங்கமான லென்ஸ். இதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அதைப் பையிலிருந்து எடுக்கவே கூச்சமாக இருந்தது. காரணம், பிரதீப்.

பிரதீப் எங்கள் ஆபீஸ் கேமராக் கூட்டத்துக்குத் தலைவன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவனே ஆகிக்கொண்டான். சனிக்கிழமை காலையில் ஏதாவது ஏரிக்கரையில் பறவை பார்த்துவிட்டு, திரும்பும்போது தர்ஷினி ஹோட்டலில் நின்றுகொண்டு இட்லி சாப்பிடுவோம். அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தான். எல்லோரும் அவரவர் லென்ஸை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். யாருடையது கிட் லென்ஸோ அவர்தான் கவுண்டருக்குப் போய் மற்ற எல்லோருக்கும் பை-டூ காபி, அதாவது ஒரு காபியை இரண்டு தம்ளரில் பிரித்தது, எடுத்து வர வேண்டும். விளையாட்டாம். அஞ்சு வாரம் தொடர்ந்து நான்தான் காபி சுமந்தேன். "டிராவல்னா ரீச் வேணும் குரு. இத வித்துப் போடு. இது லென்ஸே இல்ல" என்பான், நான் கொண்டுவந்த காபியையே குடித்துக்கொண்டு. அந்தத் தம்ளரை அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. கிட் லென்ஸை விற்றுவிட்டு எழுபது-முந்நூறு வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை வேறொருவர் காபி எடுத்து வந்தார். அந்தக் காபி என்னமாய் இனித்தது தெரியுமா? நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஸ்ரீராம்புரத்தில் என் அக்கா இருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டிலிருந்து பெங்களூருக்கே வழி தெரிந்தது. கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை. பக்கத்தில் போனால் மெஷின் எண்ணெய் வாசனை வரும், தலைக்குக் குளித்தாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமைதான் லீவு, அன்றைக்குத்தான் ஒரு வாரத் துணியும் இருக்கும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஒரு ஊரும் பார்த்ததில்லை. நான் கேமரா வாங்கியது தெரிந்ததும் ஒருநாள் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி, என்னை ஒரு போட்டோ எடுப்பியா? புள்ளைங்க, அவுரு, யாரும் வேணாம். நான் மட்டும். பின்னாடி தண்ணி கொட்றது தெரியணும். கூடத்துல மாட்டணும்."

யோசித்துப் பார்த்தேன். அவள் இருக்கிற படங்கள் எல்லாவற்றிலும் இடுப்பில் ஒரு பிள்ளையோ பக்கத்தில் மாமாவோ இருந்தார்கள். அவள் தனியாக இருந்தது பேக்டரி அடையாள அட்டையில் மட்டும்தான்.

மாமாவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவனசமுத்திரம் அருவிக்குப் போனோம். பஸ் மாறி மாறி, போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. மயில் கழுத்து நிறத்தில் புதுப்புடவை. அதற்காகவே எடுத்தது, கஞ்சி மொடமொடப்பு போகவில்லை. நான் பையிலிருந்து லென்ஸை எடுத்து மாட்டியதும், "இன்னாடி இது, தண்ணிக் குழாயாட்டம் இருக்குது" என்று சிரித்தாள். அவ்வளவு பல்லும் தெரிய அவள் சிரித்து நான் பார்த்ததே குறைவு. அப்போதே ஒரு படம் எடுத்திருக்கலாம். அந்த லென்ஸை வைத்துக்கொண்டு எங்கே எடுக்க? அவ்வளவு கிட்டத்தில் நின்றால் மூக்குக்குக்கூட போகஸ் கிடைக்காது.

அருவிக்கு எதிரே கம்பி போட்ட மேடை. கொள்ளாத கூட்டம். அக்கா கம்பியைப் பிடித்து நின்றாள். கண்ணை வைத்துப் பார்த்தால் அவள் முகம் மட்டும்தான் தெரிகிறது. "பின்னாடி போக்கா" என்றேன். அவள் எங்கே போவாள்? பின்னால் கம்பி, கம்பிக்கு அப்பால் பள்ளம். நான் பின்னால் போனேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். கிட்டே வந்தால் அருவி காணாமல் போகிறது, தள்ளிப் போனால் அக்கா காணாமல் போகிறாள். அரைமணி நேரம் இதே கூத்து. தப்பு லென்ஸ் என்று அஞ்சு நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை ஒத்துக்கொண்டால் என் மானம் என்ன ஆவது? அவ்வளவு பேர் முன்னால் அவள்மேல் பாய்ந்தேன்.

"ஒழுங்கா நிக்கக்கூடத் தெரியாதா உனக்கு? எதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேனோ!"

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு இன்னும் நேராக நின்றாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் அங்கே சுற்றுலாக்காரர்களைப் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிற ஒருத்தர். கழுத்தில் சின்னக் கேமரா, தோளில் குட்டி பிரிண்டர். அக்காவிடம் வந்து, "ஐது நிமிஷ மேடம், கையில போட்டோ. ஃபால்ஸ் புல்லா வரும்" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். "இவர் கையில எடுத்துக்கட்டுமாடி? உனக்கும் செரமம் இல்ல" என்றாள். எனக்காகத்தான் சொன்னாள், எனக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் கையில இம்மாம் பெரிய கேமரா இருக்கு, அவன்கிட்டப் போய் நிப்பியா? அசிங்கமா இல்ல?" அந்த மனிதருக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது. போய்விட்டார். அஞ்சு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், என் அக்கா கேட்ட படம் அவள் கையில் இருந்திருக்கும். பிரதீப்பைக்கூட விட்டுத் தள்ளுங்கள். இதைச் செய்தது நான்.

கடைசியில் எப்படியோ ஒன்று எடுத்தேன். படம் முழுக்க முகம். பின்னால் துணி காயப்போட்ட மாதிரி ஏதோ வெள்ளையாக. அடுத்த வாரம் காட்டினேன். "தண்ணி எங்கடி?" என்றாள். "அந்த வெள்ளைதான். அப்படி மங்கலா வந்தாத்தான் ஸ்டைலு" என்றேன், கொஞ்சமும் வெட்கமில்லாமல். வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்று பீரோவுக்குள் வைத்துவிட்டாள். கூடத்தில் மாட்டவில்லை. எப்படி மாட்டுவாள்? அது திட்டு வாங்கி, கண்ணீரை அடக்கிக்கொண்டிருக்கிற முகம். பிரதீப் மட்டும் அதைப் பார்த்துவிட்டு, "எக்ஸ்பிரஷன் சூப்பர்" என்றான்.

இப்போது அந்தக் கூட்டம் இல்லை. பிரதீப் கனடாவில் இருக்கிறான். அக்கா வேலை செய்த பேக்டரி இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. அவளுக்கு முட்டி தேய்ந்து போயிற்று, பாதி முடி நரைத்துவிட்டது. அவள் போனில் ஆயிரம் படம் இருக்கிறது. பேரன், கோலம், பக்கத்து வீட்டுப் பூனைகூட இருக்கிறது. அவள் இல்லை. யாராவது கேமராவைத் தூக்கினால், "நான் எடுக்கிறேன், குடு" என்று கையை நீட்டிவிடுவாள்.

போன மாதம் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனசு கேட்காமல் சொன்னேன். "அக்கா, கார்லயே போலாம் வா, சிவனசமுத்திரம். இந்த தடவை தண்ணியெல்லாம் தெரியற மாதிரி நல்லா எடுத்துத் தரேன். நீ மட்டும்."

அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "இப்ப எடுத்தா இப்ப இருக்கறவதானேடி வருவா" என்றாள். "அன்னிக்கி ஆசையா வந்தாளே ஒருத்தி, அவளுக்கு எங்க போவே?"

இதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவள்.