அஞ்சு கோடு சிக்னல்

"ஓடற வண்டியில குந்திக்கினு ஆபீஸ் வேலை பாக்கறதுக்கு, இது இன்னா பூ கட்டற வேலையா?"

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைக் கேட்டார். மறுநாள் காலை நானும் அப்பாவும் கேரவனில் கிளம்புவதாக இருந்தது. அம்மா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"போய்ட்டு வந்து சொல்றேன், பாருங்க அத்தை."

"சொல்லு, சொல்லு. வண்டி குலுங்கி எழுத்தெல்லாம் கீழ கொட்டிடப் போவுது. முந்தானையில புடிச்சிக்கோ."

கேரவன் என்று பெயர்தான் பெரிது. ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒருவர், பழைய சுற்றுலா வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு கட்டிலும் ஒரு சின்ன அடுப்பும் கை கழுவும் தொட்டியும் வைத்திருந்தார். அப்பா அதற்கு டிரைவர். குளிர் நாட்டிலிருந்து வந்த வயதான தம்பதி அதை மூன்று வாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், ராமேசுவரம் என்று சுற்றிவிட்டுப் புதுச்சேரியில் இறங்கிக்கொள்வது திட்டம். சமைக்கவும் ஆங்கிலத்தில் பேசவும் ஒரு பெண் கூட வந்தால் நல்லது என்றார்கள். அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் லெஃப்ட், ரைட், ஸ்டாப். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அதற்கு மேல் கல்லூரியும் முடித்திருந்தேன். அதனால் நான் போனேன்.

ஆனால் எனக்கு வேறொரு வேலையும் இருந்தது. பள்ளிப் பாடங்களை வீடியோவாக எடுக்கும் சென்னைக் கம்பெனி ஒன்று, படத்தின் கீழே ஓடும் தமிழ் வரிகளை எழுத ஆள் தேடியது. மூன்று வாரம் வெள்ளோட்டம். தினமும் மாலைக்குள் எழுதியதை இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். அது முடிந்ததும் வீடியோவில் நேர்காணல். அதில் தேறினால் மாதச் சம்பளம், வீட்டிலிருந்தே வேலை. ஊரை விட்டுப் போகாமல் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி ஆபீஸ் வேலை பார்ப்பாள். அந்த நினைப்பை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வண்டியில் ஏறும்போது அதுதான் என்னோடு ஏறியது.

முதல் நாளே அடி. மதியச் சோறு ஆக்கிவிட்டு, பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பைத் திறந்து, என் போனிலிருந்து நெட்டைக் கொடுத்தேன். பாதி வீடியோகூட இறங்கவில்லை, அன்றைக்கான டேட்டா தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான் எதுவும் பார்க்கவே இல்லை. பிறகுதான் புரிந்தது, எனக்குத் தெரியாமல் லேப்டாப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள எதையெதையோ இறக்கியிருக்கிறது. மாதக்கணக்கில் திறக்காமல் வைத்திருந்த பசி அதற்கு.

அன்று அப்பாவின் போன்தான் காப்பாற்றியது. அவர் பேசுவதோடு சரி. அவர் போனில் தினமும் வந்து தினமும் வீணாகப் போய்க்கொண்டிருந்த நெட்டை அன்றுமுதல் நான் எடுத்துக்கொண்டேன்.

"எனக்கே தெரியாம எங்கிட்ட இவ்ளோ சொத்து இருந்துச்சா," என்றார் அப்பா.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். போன் வழியாக வரும் இணைப்பை அளந்துதான் செலவழிக்க வேண்டும் என்று லேப்டாப்பிடம் சொல்லி வைக்க ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடிப்பிடித்துச் சொல்லி வைத்தேன். வரி எழுத எனக்குப் படம் வேண்டியதில்லை, குரல் போதும். கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், ஒலியை மட்டும் தனியாக அனுப்பினார்கள். வீடியோவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. எழுதிய வரிகளோ அதைவிடச் சின்னவை, ஒரு கோடு சிக்னல் இருந்தாலே போய்ச் சேர்ந்துவிடும். என் சிம் ஒரு கம்பெனி, அப்பாவுடையது வேறு. கடலோரத்தில் அப்பாவுடையது நன்றாக எடுத்தது, உள்ளே வந்தால் என்னுடையது. போனைத் துணிப்பையில் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவேன். தொட்டி மேல் பலகையைப் போட்டு லேப்டாப்பை வைப்பேன். வண்டி நிற்கும்போது எழுத்து, ஓடும்போது காதில் மாட்டிக் கேட்பது. அப்பா டீ குடிக்க நிறுத்தும் இடத்தைக்கூட நான்தான் சொல்லுவேன்.

"டீ இந்தக் கடையில நல்லா இருக்குமா?" என்று கேட்பார்.

"தெரியாதுப்பா. டவர் நல்லா இருக்கு."

அந்த வெளிநாட்டுக்காரர் விமான நிலையத்தில் ஏகப்பட்ட விலைக்கு வாங்கிய இணையக் கருவி ஒன்று வைத்திருந்தார். அது கும்பகோணத்தில் படுத்துவிட்டது. அவர் மகளோடு பேச வேண்டும் என்று தவித்தார். என் போனைக் கொடுத்தேன். பிறகு அவரையும் எங்களைப்போல் ஒரு சாதாரண சிம் வாங்க வைத்து, எல்லாம் சரிசெய்து கொடுத்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போது அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். இணையம் பற்றி எனக்குத் தெரியாதது இனி இல்லை என்ற எண்ணம் அன்று வந்தது என்று நினைக்கிறேன்.

நேர்காணலுக்கு இரண்டு நாள் சொல்லி, எது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒன்று நாங்கள் புதுச்சேரியில் இருக்கும் நாள். விடுதி, நல்ல நெட், அந்தத் தம்பதியும் இருப்பார்கள். இன்னொன்று அதற்கு அடுத்த வியாழக்கிழமை மாலை நான்கு மணி. அன்று காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் வீடு. நான் வியாழனைக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்று கேட்க வேண்டும். பள்ளிக்கூடப் படியே ஏறாத அம்மாவுக்கு நான் இத்தனை வருடம் படித்ததை ஒரு தடவையாவது காதால் கேட்கக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

பௌர்ணமி அந்த வாரம் வருகிறது என்று தெரியும். போன் காலண்டரில் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் முழு வட்டம் இருந்தது. வெள்ளிதானே, வியாழன் இல்லையே என்று மூடி வைத்துவிட்டேன்.

கிரிவலப் பாதையில் பிறந்து வளர்ந்தவள் செய்யக்கூடாத வேலை அது. எங்கள் ஊரில் கூட்டம் தேதி பார்த்து வருவதில்லை, திதி பார்த்து வருகிறது. வியாழன் காலையிலேயே பௌர்ணமி பிடித்துவிட்டால் வியாழன் மதியத்திலிருந்தே ஜனம் இறங்கும். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் யாரும் அதைக் காலண்டரில் தேடியதில்லை. கிரிவலக் கூட்டத்துக்கு அவித்து விற்க அம்மா முந்தின நாள் மல்லாட்டை மூட்டையை அவிழ்த்துக் கழுவினால் நாளைக்குப் பௌர்ணமி. அவித்த வேர்க்கடலை வாசனையில்தான் நான் பௌர்ணமியைத் தெரிந்துகொண்டிருந்தேன். மூன்று வாரம் வெளியே இருந்ததில் அந்த வாசனை இல்லை, போன் இருந்தது. புதன்கிழமை மாலை அம்மாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கழனியில் இருப்பார் என்று விட்டுவிட்டேன். மல்லாட்டை வாங்கப் போயிருந்தாராம்.

தம்பதியிடம் விடைபெற்றுக்கொண்டு, காலி வண்டியில் செஞ்சி வழியாக வந்தோம். வழியில் டயர் பஞ்சர் ஆகி நேரம் போனது. கீழ்பென்னாத்தூரை நெருங்கும்போது பேருந்துகள் எங்களை முந்திக்கொண்டு போயின. எல்லாம் நிறைந்து வழிந்தன.

"இன்னாது, இவ்ளோ பஸ்ஸு போவுது," என்றார் அப்பா.

"முகூர்த்தமா இருக்கும்ப்பா."

அவரும் தலையாட்டினார். கடைத்தெரு வந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"அத்தை வூட்ல போன மாசம்தான் ஒயர் நெட்டு போட்டாங்களாம். அங்க குந்திப் பேசிட்டு வந்துடேன் கண்ணு. நானும் ரெண்டு வாய் துண்ணுட்டு முதுகைச் சாய்ப்பேன்."

"வேணாம்ப்பா. வூடு பக்கத்துல வந்துட்டு அவங்க வூட்ல எதுக்கு? அத்தை எதிர்ல குந்திக்கினு பாப்பாங்க, எனக்குப் பேச்சே வராது. நம்ம வூட்ல அஞ்சு கோடு சிக்னல் இருக்கு."

"உன் இஷ்டம்," என்று கியரை மாற்றினார். அத்தை வீட்டுச் சந்து இடது பக்கம் வந்து, போயிற்று. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்தச் சாலையில் பேருந்தில் போகும்போது அந்த இடம் வந்தால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். நின்றிருக்கலாம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம்.

ஊருக்கு வெளியே தடுப்பு போட்டிருந்தார்கள். போலீஸ்காரர் கை காட்டினார்.

"எங்க போவுது வண்டி?"

"வூட்டுக்குங்க சார். அடி அண்ணாமலை," என்றார் அப்பா.

"உள்ளூர்க்காரர் பேசற பேச்சாங்க இது? பௌர்ணமி காலைலயே புடிச்சாச்சு. அந்த கிரவுண்ட்ல போடுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். நான்கு மணிக்கு அரை மணி நேரம் இருந்தது. திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் வண்டிகள் நெருக்கி நின்றன. மைதானத்தில் ஓர் ஓரமாக நிறுத்தி, பலகையைப் போட்டு, லேப்டாப்பைத் திறந்தேன். புடவையைச் சரிசெய்துகொண்டேன். என் போனில் ஐந்து கோடும் இருந்தன. ஒரு பக்கமும் திறக்கவில்லை. அப்பாவின் போனை வாங்கி மாற்றினேன். அதுவும் அப்படியே. அப்பா வண்டியின் பின்னேணியில் ஏறிக் கூரைமேல் நின்று, என் போனை ஆகாயத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"மேல வந்து பாரு கண்ணு, அஞ்சு கோடும் நிக்குது."

"கோடு நிக்குதுப்பா. நெட்டு ஓடலை."

ஜன்னல் வழியாக ஓர் அம்மா தலையை நீட்டி, "ஏம்மா, உன் போன்ல கிடைக்குதா? எங்காளுங்க எங்க பூட்டாங்கன்னே தெரில," என்றார். இல்லை என்றேன். அடுத்தவரிடமும் அதையே கேட்டுக்கொண்டு அவர் நகர்ந்தார். லட்சம் பேர் ஒரே செல்போன் கோபுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம்.

எப்படியோ நான்கு மணிக்குச் சற்றுப் பின்னால் ஒரு நிமிடம் கிடைத்தது. திரையில் மூன்று முகங்கள் வந்தன. நடுவில் இருந்த பெண், "வணக்கம்மா, நாங்க பேசறது கேக்குதா? உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றார். நான் பேச ஆரம்பித்தேன். எங்கே பிறந்தேன், எப்படிப் படித்தேன், ஓடும் வண்டியிலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் எப்படி வேலை அனுப்பினேன் என்றெல்லாம் சொன்னேன். தடுமாறவே இல்லை. நான் சொல்வதை அவர்கள் அசையாமல் கேட்கிறார்களே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. முடித்த பிறகும் அந்தப் பெண்ணின் வாய் பாதி திறந்தபடியே இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, படம் உறைந்துபோயிருக்கிறது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அதன்பின் இணைப்பு வரவேயில்லை.

அப்பா இறங்கி வந்து, "பேசின குரல் எனக்கு மேல வரைக்கும் கேட்டுச்சு," என்றார்.

அவர் வண்டியோடு இருந்துகொண்டார். நான் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக வீட்டுக்கு நடந்தேன். பொழுது சாயும் நேரத்துக்கு அடி அண்ணாமலை வந்தது. பாதையோரம் அம்மா சாக்கை விரித்து மல்லாட்டை அளந்துகொண்டிருந்தார். நான் வீடு வந்து சேர்ந்திருந்தாலும் கதவுக்குப் பின்னால் யாரும் நின்றிருக்கமாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பேசிட்டியா?"

"பேசினேம்மா."

"நல்லா பேசினியா?"

"நல்லாத்தான் பேசினேன்."

எதிரே நின்ற பெண்ணிடம் அம்மா, "எம்பொண்ணு. ஆபீஸ்ல பேசிட்டு வரா," என்று சொல்லி ஒரு கை கடலையைக் கூடுதலாகப் போட்டார். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினேன்.

கம்பெனியிலிருந்து மரியாதையாகத்தான் பதில் வந்தது. அன்றைக்குத் தொடர்பு கிடைத்தவர்களிலிருந்து ஆள் எடுத்துவிட்டார்களாம், அடுத்த தேர்வுக்கு நான் மறுபடி விண்ணப்பிக்கலாமாம். அவர்கள்மேல் கோபமில்லை. மைதானத்தில் அந்த உறைந்த படத்திடம் பேசியதுபோல் இன்னொரு முறை என்னால் பேச முடியுமா என்பதுதான் சந்தேகம்.

மறுபடி விண்ணப்பித்துவிட்டேன். வெள்ளோட்டத்துக்குக் கொடுத்த பணம் கைக்கு வந்ததும், இரண்டு சிம் போடும் கருவி ஒன்றும் வெளியே மாட்டும் ஆன்டெனாவும் வாங்கினேன். வேன் முதலாளியிடம் போய், லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்ற நினைப்பவர்களை இந்த வண்டிக்குக் கொண்டுவரலாம், கூரையில் ஒரு துளை போட விடுங்கள் என்று கேட்டேன். "என் செலவு இல்லன்னா போட்டுக்கோ. ஒழுகிச்சுன்னா உங்கப்பாதான் பொறுப்பு," என்றார். பௌர்ணமிக் கூட்டத்துக்கு முன்னால் இந்தக் கருவியும் நிற்காது, அது எனக்குத் தெரியும். மற்ற நாட்களுக்கு நிற்கும்.

நேற்றுக் காலை செங்கம் சாலையில் உள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். மெக்கானிக் டிரில்லை வைத்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தகரத்தூள் உள்ளே கட்டில்மேல் கொட்டியது. துளை போட்டு, ஒயரை இறக்கி, மழைநீர் புகாமல் சுற்றிலும் பசையைப் பூசியாயிற்று. காய ஒரு நாள் ஆகும் என்றார் மெக்கானிக்.