முதுகில் பிளாஸ்திரி ஒட்டிய பிணம்

இன்று பார்த்த படத்தில் உருப்படியாக நடித்தது ஒரு பிணம் மட்டும்தான்.

அதுவும் எங்கள் திரேஸ்புரத்து ஆள். கரையில் குப்புறக் கிடக்க கதாநாயகனுக்கு உப்புத்தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம். அவனுக்குப் பதில் எங்கள் அந்தோணி அண்ணன் கிடந்தார். அந்த முதுகைப் பார்க்கத்தான் தெருவையே தியேட்டருக்கு இழுத்துப்போனார்.

கதை என்னவென்றால், கதாநாயகி மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போகிறாள். அதே நேரம் கதாநாயகன் கடலுக்குள் படகைத் தள்ளுகிறான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் நாட்டுப்படகு அசையாது. இயக்குநர் இங்கே தங்கி ஆராய்ச்சி செய்தாராம். பொரித்த பரோட்டாவைத்தான் ஆராய்ந்திருப்பார்.

அவன் பிணம் கரை ஒதுங்குகிறது. தாய் மாரில் அடித்து அழுகிறாள். வயலின் கதறுகிறது.

அண்ணனின் மனைவி பிலோமினாக்கா சத்தமாகச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம தொழிலுக்குப் போனவன் சாவட்டும்!"

தியேட்டரே சிரித்தது.

"ஏளா, அது நாந்தாம்ளா," என்றார் அண்ணன், அழாத குறையாக.

அக்கா திரையை உற்றுப் பார்த்தார். பிணத்தின் முதுகில் ஒரு பிளாஸ்திரி.

"அது நான் ஒட்டிவிட்டதுல்லா? முதுகு வலிக்கி, பூசைக்கு வரல, வீட்டுல கெடக்கேன்னு சொன்னீய. கெடந்தது அங்கனதானா?"

கதாநாயகனுக்கு விருது நிச்சயம் என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். அந்த முதுகுக்கு இன்று ராத்திரிச் சோறே நிச்சயமில்லை. யார் வீட்டிலாவது மீன்குழம்பு மிஞ்சியிருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள். பிணம் எங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறது.