கன்னத்துக்குள் அடைபட்ட வாசல்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. மூக்கும் முழியுமாக இருப்பாள். அந்த மூக்குக்குள் ஒரு கோளாறு இருக்கும் என்று பார்த்தவர் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே வலது மூக்கில் அடைப்பு. குனிந்தால் கன்னம் ஈயம்போல் கனக்கும். ஆவி பிடித்தாள், தைலம் தேய்த்தாள். வலி பல்லில்தான் என்று நினைத்து மேல் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கின பல்லைப் புரட்டிப் பார்த்த பல் டாக்டர், "பல்லு நல்லாத்தாம்மா இருந்திருக்கு," என்றார். வலி அப்படியே இருந்தது.

பிறகு அந்த நாற்றம் வந்தது. கூண்டுக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று சொல்லி மேஜையை நகர்த்தவைத்தாள். கூட்டுகிற பெண்கள் வயர்க் கட்டுக்குப் பின்னால்கூடத் தேடினார்கள். "எங்களுக்கு ஒண்ணும் நாறலையேக்கா," என்றார்கள். வீட்டிலும் அதே நாற்றம். அது தன் தலைக்குள்ளிருந்து வருகிறது என்று புரிந்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொஞ்ச காலத்தில் அது போய்விட்டது. கூடவே எல்லா வாசனையும் போய்விட்டது. ஒருநாள் பால் தீய்ந்து அடுப்படி முழுக்கப் புகை மண்டியிருக்க, பக்கத்து அறையில் நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் அவள் கணவர் அவளைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அவர் அதே நிலையத்திலிருந்து பஸ் ஓட்டுகிறவர். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையில் விரலை வைத்தார்.

"மூக்கு நடுத்தண்டு இடப்பக்கமா வளைஞ்சிருக்கு. வலப்பக்கம் இந்தச் சுருள் எலும்புக்குள்ள காத்தறை இருக்கு, பலூன் மாதிரி உப்பியிருக்கு. கன்னத்து அறையிலேருந்து சளி வெளிய வர்ற வாசலை அது நெரிக்குது."

"இவ்வளவு நாளா எங்க பஸ்ஸு போற வழியில லாரி நின்னிருக்குன்னு சொல்லுங்க," என்றார் கணவர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இந்த அமைப்பு நிறைய பேருக்கு இருக்கும், எல்லாருக்கும் வியாதி வராது. இவங்களுக்கு உள்சவ்வும் வீங்கிக் கிடக்கு. மூக்குக்குள்ள மருந்தை விடாம அடிங்க, உப்புத் தண்ணியில கழுவுங்க. அடங்கலைன்னா ஆபரேஷன்தான்."

அவளுடைய அக்காதான் அதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தாள். "எனக்கும் தண்டு கோணல்தான்டி. நான் கல்லு மாதிரி இல்ல? மூக்குன்னு இருந்தா சளின்னு இருக்கும்."

யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் அவள் காத்திருந்தாள். வலி கொஞ்சம் மட்டுப்பட்டதும் மருந்தை நிறுத்தினாள். டாக்டரம்மா வரச்சொன்ன தேதியும் போய்விட்டது.

மழைக்காலத்தில் ஒரு ஜலதோஷம் பிடித்தது. மறுவாரம் ஒரு பிற்பகலில், ஒரே வண்டிக்கு இரண்டு நடைமேடை எண்களை மாற்றி மாற்றிச் சொன்னாள். பயணிகள் மூட்டையோடு அங்குமிங்கும் ஓடினார்கள். வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்திய கணவர் குரலைக் கேட்டுவிட்டுக் கூண்டுக்கு ஓடினார். அவளுடைய வலது இமை சிவந்து வீங்கிக் கண்ணைப் பாதி மூடியிருந்தது.

"என்னங்க, எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இமையைப் பிரித்து, ஒரு சிவப்பு மூடியைக் காட்டினார். "ரெண்டு கண்ணுலயும் ஒரே சிவப்பாத் தெரியுதா?"

"இடதுல சிவப்பு. வலதுல... துவைச்சுத் துவைச்சு வெளுத்த துணி மாதிரி."

டாக்டரம்மா மூடியைக் கீழே வைத்துவிட்டு நர்ஸிடம் திரும்பினார். "தியேட்டரைத் தயார் பண்ணுங்க. இப்பவே." கணவரிடம் குரலைத் தாழ்த்தினார். "மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவுல காகிதம் மாதிரி ஒரு எலும்புதான். சீழ் அதைத் தாண்டிடுச்சு. பார்வை நரம்பு நசுங்குது. விட்டா மூளைக்கும் போகலாம்."

மூடிய கதவுக்கு வெளியே, கணவருக்குப் பக்கத்தில் அக்கா வந்து நின்றாள். "தம்பி, நான் விளையாட்டாத்தானே சொன்னேன்," என்றாள்.

சீழை வடித்து, உப்பிய எலும்பில் பாதியை எடுத்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். தலைப்பாகையோடு போகவில்லை. வலது கண்ணில் பார்வை மங்கினது மங்கினதுதான். அந்தப் பக்கமிருந்து வருகிறவர் பேசினால்தான் இன்னாரென்று தெரியும். வாசனையும் திரும்பவில்லை. அடுப்பு அணைந்திருக்கிறதா என்று கணவர்தான் இப்போது முகர்ந்து பார்க்கிறார்.

"இந்த வியாதி திரும்ப வருமா?" என்று வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"வாசலைத் திறந்து விட்டாச்சு. ஆனா சவ்வோட வீக்கம் உங்க கூடவேதான் இருக்கும். வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

தினமும் காலையில் குழாயடியில் நின்று வலது மூக்கில் உப்புத் தண்ணீர் ஊற்றுகிறாள். இடது பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும்வரை கணவர் வெளியே சட்டைப் பொத்தானைப் போடாமல் நிற்பார்.

நேற்று அந்தச் சத்தம் கேட்கவில்லை. இன்னொரு தடவை ஊற்றினாள். தண்ணீர் ஊற்றிய பக்கமே திரும்பி வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "கிளம்புங்க," என்றாள். "டாக்டரம்மாவைப் பார்க்கணும்."